ஆகாசவாணியும் அக்காவின் கைபேசியும்

போன மே மாதம் அக்கா மைசூருக்கு வந்திருந்தாள். ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. மயிலாடுதுறைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இருபத்தேழு வருடமாக ஆசிரியை. இங்கே மானசகங்கோத்ரியில் இருக்கும் மண்டலக் கல்வியியல் நிறுவனத்தில் ஐந்து நாள் பயிற்சி. வகுப்பறையில் தொழில்நுட்பத்தை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பது தலைப்பு. தங்க விடுதி கொடுத்திருந்தார்கள். "தம்பி வீடு இருக்கும்போது விடுதி எதுக்கு?" என்று நேராக எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிவிட்டாள். சாயங்காலம் மயிலாடுதுறையில் ரயிலேறினால் விடிந்ததும் மைசூர். பையில் பாதி முறுக்கு, மீதிப் பாதி மாவடு. இரண்டு புடவையை எங்கே திணித்தாள் என்பது இன்றுவரை ரகசியம் :-)

முதல் நாள் பயிற்சி முடிந்து வந்தவளிடம், "எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் சொல்லிக் குடுக்கிறாங்க. எனக்குத்தான் எங்க பள்ளிக்கூடத்து பீரோ ஞாபகம் வந்துக்கிட்டே இருக்கு."

"பீரோவா?"

"ஆமாடா. அதைத் திறந்தா ஒரு மியூசியம். ரேடியோ ஒண்ணு, டேப் ரெக்கார்டர் ஒண்ணு, டி.வி. ஒண்ணு, சிடி போடற பொட்டி ஒண்ணு, கம்ப்யூட்டர் ரெண்டு. ஒவ்வொண்ணும் வந்தப்ப மாலை போட்டு, குத்துவிளக்கு ஏத்தி, போட்டோ எடுத்தோம். அப்புறம் எல்லாம் ஏன் பீரோவுக்குள்ள போச்சு? அது தெரியாம புதுசா ஒண்ணை வாங்கி வெச்சா, அதுவும் நாளைக்கு அங்கதானே போகும்?"

நான் பி.காம் படித்துவிட்டு வங்கியில் காலம் தள்ளுபவன். கல்வியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் மைசூருக்கு மாற்றலாகி வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்த ஊரின் பழங்கதைகளைத் தேடிப் படிப்பது என் ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். அக்கா கேட்ட கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது என்று தோன்றியது. பயிற்சி முடிந்த மறுநாள் ஞாயிறு. ஊருக்குத் திரும்ப இரண்டு நாள் இருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். அன்று பார்த்ததும் பேசியதும்தான் இந்தப் பதிவு.

யாதவகிரியில் ஒரு வாத்தியார் வீடு

முதலில் யாதவகிரி. மைசூர் ஆகாசவாணி நிலையம் இங்கேதான் இருக்கிறது. "வானொலி"க்கு இந்தியா முழுவதும் வழங்கும் "ஆகாசவாணி" என்ற பெயர் இந்தத் தெருக்களில் புழக்கத்துக்கு வந்தது என்பது பலருக்குத் தெரியாது. அதை ஆரம்பித்தவர் அரசாங்க அதிகாரியும் இல்லை, பொறியாளரும் இல்லை. ஒரு கல்லூரி வாத்தியார்!

டாக்டர் எம்.வி. கோபாலசாமி. மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியர். லண்டனில் ஸ்பியர்மன் என்ற பெரிய உளவியல் அறிஞரிடம் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கித் திரும்பியவர். 1924-ல் மைசூர் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தொடங்கியபோது அதை வளர்த்தெடுத்தவர். மனித மனம் எப்படிக் கேட்கிறது, எதை நினைவில் வைக்கிறது என்று படித்த ஒருவருக்கு ரேடியோ மேல் ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை. 1935 செப்டம்பர் 10-ம் தேதி, 'விட்டல் விகார்' என்ற தன் சொந்த வீட்டிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கினார். கருவியின் திறன் 30 வாட். நம் வீட்டுச் சீலிங் ஃபேன் ஒன்று இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் மின்சாரம் சாப்பிடும்!

பாட்டும் பேச்சும் அந்த வீட்டிலிருந்தே போயின. செலவு பெரும்பாலும் அவர் கைக்காசு. 1940-களின் தொடக்கத்தில் மைசூர் சமஸ்தான அரசு நிலையத்தை எடுத்துக்கொண்டது. 1955-ல் ஒலிபரப்பு பெங்களூருக்குப் போனது. பெயரை யோசித்துச் சொன்னவர் யார் என்பதில் கன்னட எழுத்தாளர் நா. கஸ்தூரியின் பெயரும் அடிபடுகிறது. அது எப்படியானாலும், 1950-களின் பிற்பகுதியில் அகில இந்திய வானொலி அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. 2023-ல் பிரசார் பாரதி, ஆங்கிலத்திலும் இனி ஆகாசவாணி என்றே சொல்லவேண்டும் என்று உத்தரவு போட்டது. ஒரு வாத்தியார் வீட்டு அறையில் ஆரம்பித்த பெயர்.

நம் பக்கமும் சளைத்ததில்லை. சென்னையில் 1924-லேயே சி.வி. கிருஷ்ணசாமி செட்டி ரேடியோ கிளப் ஒன்றைத் தொடங்கினார். பணமில்லாமல் 1927-ல் நின்றுபோனது. 1930-ல் சென்னை மாநகராட்சி அதைக் கையில் எடுத்து ஒலிபரப்பியது. அதில் இசையோடு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடங்களும் கதைகளும் இருந்தன. ஆக, நம் ஊரில் பள்ளிக்கூடத்துக்குள் இயந்திரம் நுழைந்து ஒரு நூற்றாண்டு நெருங்குகிறது.

அக்கா அந்தத் தெருவில் நின்று கேட்டாள். "அந்த ரேடியோவுல பேசினவருக்குக் கேக்கறவங்க முகம் தெரியுமா?"

"எப்படிக்கா தெரியும்?"

"அங்கதான் இருக்கு சிக்கல். பாதி வகுப்பு எனக்குப் பேச்சு. மீதிப் பாதி புள்ளைங்க முகம். முகம் சுளிச்சா நான் திரும்பச் சொல்லுவேன். ரேடியோ திரும்பச் சொல்லாது."

அங்கிருந்து மகாராஜா கல்லூரிப் பக்கம் போனோம். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் இங்கே 1918 முதல் 1921 வரை தத்துவம் கற்பித்தார். கல்கத்தாவுக்கு வேலை மாறிப் போனபோது மாணவர்கள் வண்டியைப் பூவால் அலங்கரித்து, குதிரையை அவிழ்த்துவிட்டுத் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றார்கள் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அக்காவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "எங்க பழைய கம்ப்யூட்டரை எலக்ட்ரானிக் குப்பைக்கு அனுப்ப வண்டி பிடிக்கவே ரெண்டு வருஷம் ஆச்சு. யாரும் இழுக்க வரல" என்றாள்.

கம்பிவலையில் பிடித்த பள்ளிக்கூடம்

வானொலிக்குப் பிறகு டி.வி. இந்தக் கதைக்கு மைசூரை விட்டு வடகர்நாடகத்துக்குப் போகவேண்டும். என்னைப் பொறுத்தவரை, இந்தியப் பள்ளிக்கூட வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான சோதனை நடந்ததில்லை.

விக்ரம் சாராபாய் கண்ட கனவு அது. ஆகாயத்தில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால், சாலைகூடப் போகாத கிராமத்துக்கும் நேராகப் பாடம் போகுமே! 1969-ல் நாசாவோடு ஒப்பந்தம் ஆனது. கனவு நிறைவேறுவதைப் பார்க்க அவர் இல்லை, 1971-ல் காலமானார். 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, சரியாக ஒரு வருடம், ஏ.டி.எஸ்.-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் நமக்கு இரவல் கிடைத்தது. ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். கர்நாடகத்தில் குல்பர்கா, ராய்ச்சூர், பீஜப்பூர் மாவட்டங்கள். தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை.

கிராமத்தில் பத்தடி அகல ஆன்டெனா. எதில் செய்தது தெரியுமா? கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பிவலையில்! காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம். இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் என நான்கு மொழிகள். ஒரு மொழிக்கு இருபத்திரண்டரை நிமிடம். சாயங்காலம் பெரியவர்களுக்கு விவசாயம், ஆரோக்கியம், ஆட்டம்பாட்டம்.

பிறகு ஆராய்ந்து பார்த்தார்கள். டி.வி. பார்த்த பிள்ளைகளின் மொழித்திறன் வளர்ந்திருந்தது. ஆனால் பள்ளியில் சேர்பவர்கள் எண்ணிக்கையிலோ வருகையிலோ பெரிய மாற்றம் இல்லை. ஆடு மேய்க்கப் போகும் பிள்ளை டி.வி. வந்ததற்காக ஆட்டை விட்டுவிட்டு வரமாட்டான், அவ்வளவுதான்.

அந்தச் சோதனையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. அக்கா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டதும் அதைத்தான். பள்ளி விடுமுறையில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு என்று 12 நாள் அறிவியல் பயிற்சி நடத்தினார்கள். டி.வி. மட்டும் இல்லை. ரேடியோ, அச்சடித்த பாடம், கையால் செய்து பார்க்கும் சோதனைகள், கூடவே ஒவ்வொரு மையத்திலும் உட்கார்ந்து பேச ஒரு மூத்த ஆசிரியர். 40,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் இதில் பயின்றார்கள். இது நல்ல பலன் கொடுத்தது என்றே பிறகு எழுதியிருக்கிறார்கள்.

"பாத்தியா! புள்ளைங்களுக்கு வெறும் பொட்டி. வாத்தியாருக்குப் பொட்டி, கூடவே ஒரு ஆள். ஆள் இருந்த இடத்துல வேலை நடந்திருக்கு" என்றாள் அக்கா.

வருடம் முடிந்ததும் செயற்கைக்கோளைத் திருப்பி நகர்த்திவிட்டார்கள். கடன் கொடுத்தவன் திரும்பக் கேட்கத்தானே செய்வான். வங்கிக்காரனுக்கு இது புரியும் :-)

கொள்ளேகால் பக்கத்துக் கூரைகள்

அடுத்த கதை மைசூருக்குப் பக்கத்தில். சாமராஜநகர் மாவட்டம் 1997-ல் மைசூரிலிருந்து பிரிந்தது. அதில் இருக்கும் கொள்ளேகால் 1956 வரை நம் கோயம்புத்தூர் மாவட்டத்துத் தாலுகா. மாதேஸ்வரன் மலைப் பக்கம் போனால் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்றைக்கும் நிறைய.

2004 செப்டம்பர் 20-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஜுசாட் ஏவப்பட்டது. கல்விக்காகவே நாம் செய்த செயற்கைக்கோள், நம் சொந்த ராக்கெட்டில். அதற்குச் சில மாதம் முன்பே இன்சாட்-3பி மூலம் கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வெள்ளோட்டம் பார்த்துவிட்டார்கள். பொறியியல் மாணவர்களுக்கு இருவழித் தொடர்பு. மாணவன் கேள்வி கேட்டால் ஸ்டுடியோவில் இருக்கும் பேராசிரியருக்குக் கேட்கும்.

தொடக்கப் பள்ளிகளுக்கான திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தது சாமராஜநகர் மாவட்டத்தை. 885 பள்ளிகள். கூரையில் டிஷ், வகுப்பில் டி.வி. பெங்களூரிலிருந்து பாடம். ஆனால் இங்கே ஒருவழிதான். வருவதை வாங்கிக்கொள்ளலாம், திருப்பிக் கேட்க முடியாது.

பொறியியல் படிக்கும் பையனுக்குக் கேள்வி கேட்க வழி இருந்தது. கேள்வியே மூச்சாக இருக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இல்லை. வேண்டுமென்று செய்ததில்லை. 885 இடத்தில் இருவழிக் கருவி வைத்தால் செலவு எங்கேயோ போய்விடும். கணக்கு அப்படி. வீட்டில் தமிழ் பேசிவிட்டு வரும் பிள்ளைக்கு வானத்திலிருந்து வரும் கன்னடத்தில் ஒரு வார்த்தை புரியாவிட்டால், அதைச் சொல்லிக் கொடுக்கப் பக்கத்தில் நிற்கும் டீச்சர்தான் கதி. செயற்கைக்கோள் 2010-ல் ஓய்வு பெற்றது.

சில வருடங்களுக்கு முன் வங்கி வேலையாக அந்தப் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றுக்குப் போயிருந்தேன். நாங்கள் நன்கொடையாகக் கொடுத்த இரண்டு கம்ப்யூட்டர்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்து அறிக்கை எழுதவேண்டும். பூப்போட்ட துணி உறை போட்டு, குங்குமம் வைத்து, பத்திரமாக இருந்தன. அவ்வளவு பத்திரமாக இருந்ததால்தான் சந்தேகம் வந்தது. தலைமை ஆசிரியர் மறைக்கவில்லை. ஒன்று ஆறு மாதமாக ஓடவில்லை, பழுது பார்க்கும் ஆள் மைசூரிலிருந்து வரவேண்டும், வந்துபோகும் செலவுக்கு எந்தக் கணக்கிலும் பணம் இல்லை. மற்றொன்றைப் பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடுமோ என்று பயம்.

நான் அறிக்கையில் என்ன எழுதினேன் தெரியுமா? "சாதனங்கள் நல்ல நிலையில் பராமரிக்கப்படுகின்றன." பொய் இல்லைதான். ஆனால் அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. இதை அக்காவிடம் இப்போதுதான் முதல்முறை சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த எச்.எம்.முக்கு உன்மேல கோபம் இருக்காது. எனக்கும் இந்த மாதிரி அறிக்கை எழுதினவங்க மேல கோபம் இல்ல. ஆனா ஒரு வரி சேத்து எழுதியிருக்கலாம்" என்றாள்.

தன் குரல் தனக்கே

கடைசியாக ஹுன்சூர் சாலை. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம். 1969-ல் டி.பி. பட்டநாயக் என்ற மொழியியலாளர் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த நிறுவனம். நம்மவர்களுக்கு இன்னொரு பந்தமும் உண்டு. தமிழ் 2004-ல் செம்மொழி ஆனபின் அதற்கான ஆய்வு மையம் முதலில் இங்கேதான் தொடங்கியது, 2008-ல் சென்னைக்குப் போனது.

இதன் கீழ் இயங்கும் தென்மண்டல மொழி மையத்தில் வேறு மாநிலத்துப் பள்ளி ஆசிரியர்கள் பத்து மாதம் தங்கி ஒரு தென்னிந்திய மொழியைக் கற்றுக்கொண்டு போவார்கள். அவர்களுக்கான முக்கியமான கருவி அந்தக் காலத்தில் மொழி ஆய்வுக்கூடம். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தடுப்பு வைத்த மேசை, காதில் ஹெட்ஃபோன், முன்னால் டேப். ஆசிரியர் குரலில் ஒரு வாக்கியம் வரும். நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுவும் பதிவாகும். பிறகு ஆசிரியர் குரலையும் உங்கள் குரலையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். நடுவில் ஆசிரியர் எந்த மேசையிலும் எட்டிக் கேட்டுத் திருத்துவார்.

இதைச் சொன்னதும் அக்கா வண்டிக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "டேய், நான் இதைத்தான்டா பண்றேன்!"

அவள் வகுப்பில் நடப்பது இது. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். பாடத்தில் நாலு வரி. கைபேசியில் பதிவு செய்வாள். பிறகு அதைப் போட்டு, கண்ணால் வரியைப் பார்த்துக்கொண்டே கேட்கச் சொல்வாள். எங்கே தவறு என்று பிள்ளையே விரல் வைக்கவேண்டும்.

"நான் தப்புன்னு சொன்னா முகம் சுருங்கிடுது. அவன் குரலே காட்டிக் குடுத்தா சிரிக்கிறான். 'டீச்சர் இன்னொரு தடவை' அப்படிங்கிறான். ஒரு மாசம் கழிச்சுப் பழைய பதிவைப் போட்டுக் காட்டுவேன். 'இது நானா?' அப்படிம்பான். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இந்த போனை வெச்சிருக்கேன்."

இதற்குத் திட்டம் கிடையாது, நிதி கிடையாது, திறப்பு விழா கிடையாது. அவள் கைபேசி, அவள் நேரம். வானொலியும் டி.வி.யும் செயற்கைக்கோளும் பேசின, பிள்ளை கேட்டது. இங்கே பிள்ளை பேசுகிறது, கருவி கேட்கிறது, டீச்சர் பக்கத்தில் இருக்கிறாள். பீரோவுக்குள் போனவற்றையும் போகாததையும் நான் இப்போது இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன்.

பள்ளி பூட்டிய வருடம்

2020 மார்ச்சில் பள்ளிகள் பூட்டியபோது இது உலகத்துக்கே புரிந்தது. தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் குறியீடு. கருவி எல்லாம் தயார். ஆனால் ஒரே கைபேசி இருக்கும் வீட்டில் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டால்? மூன்று பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் வகுப்பு என்றால்?

கர்நாடகத்தில் 2020 ஆகஸ்டில் 'வித்யாகமா' என்று தொடங்கினார்கள். ஆசிரியர்கள் ஊருக்குள் போய் மரத்தடியிலும் கோயில் திண்ணையிலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். தொற்றுப் பயத்தில் அக்டோபரில் நிறுத்த வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி'. சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள், மாலை வேளையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்தார்கள். செயற்கைக்கோள் வரை போய் வந்த கல்வி, கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்துதான் வீடு சேர்ந்தது.

அதற்காகக் கருவி வேண்டாம் என்று அக்கா சொல்லவில்லை. பயிற்சியில் வாங்கிய குறிப்பேடு முழுக்க எழுதி வைத்திருக்கிறாள். பூமி சுற்றுவதைக் கரும்பலகையில் வரைந்து காட்டி இருபது வருடமாகப் புரியாத பிள்ளைக்கு, ஒரு நிமிடக் காணொளியில் புரிந்துவிடுவதை அவளே பார்த்திருக்கிறாள். "வரட்டும்டா, எல்லாம் வரட்டும். பொட்டியோட ஒரு ஆளும் வரட்டும்" என்பதுதான் அவள் கட்சி.

தேய்மானக் கணக்கு

பி.காம் படித்தவன் என்று சொன்னேன் இல்லையா, கொஞ்சம் கணக்குப் பேசிவிடுகிறேன்.

கம்ப்யூட்டர் வாங்கினால் அது கணக்கில் சொத்து. ஆசிரியர் சம்பளம் செலவு. சொத்தைச் சேர்த்தால் பாராட்டு, செலவைக் கூட்டினால் கேள்வி. ஆனால் வருமான வரிச் சட்டப்படி கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம். ஒரு லட்சத்துக்கு வாங்கினால் ஐந்தாம் வருட முடிவில் ஏட்டில் நிற்பது 7,776 ரூபாய். அதே ஐந்து வருடத்தில் ஓர் ஆசிரியருக்கு, எந்தப் பிள்ளை எங்கே தடுக்கும் என்பது அத்துப்படி ஆகியிருக்கும். இந்த ஏறுமுகத்தை எழுத எந்தப் பேரேட்டிலும் பக்கம் இல்லை.

எங்கள் வங்கியில் லெட்ஜரைத் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது நான் புதிது. ஐம்பது வயதுக் குமாஸ்தாக்களுக்கு மௌஸைப் பிடிக்கவே கை நடுங்கியது. அப்போது ஓர் இளம் ஊழியரை ஒரு மாதம் முழுக்க எங்கள் கிளையிலேயே உட்காரவைத்தார்கள். அவருக்கு வேறு வேலையே கிடையாது. யார் கூப்பிட்டாலும் பக்கத்தில் போய் நிற்பார். அந்த மாதம் இல்லாவிட்டால் எங்கள் கிளையிலும் பூப்போட்ட உறைதான். லாபம் பார்க்கும் வங்கிக்குத் தெரிந்த இந்தச் சின்ன விஷயம் பள்ளிக்கூடத்துக்குப் பெட்டி வாங்கும்போது மட்டும் ஏன் மறந்துபோகிறது? நன்கொடைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால் கேட்கிறேன்.

நம் வீட்டு பீரோ

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது. என் மகள் ஏழாவது படிக்கிறாள். பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. தமிழ் சரளமாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டத் தெரியாது. நானும் சும்மா இருக்கவில்லை. கைபேசியில் செயலி போட்டுக் கொடுத்தேன். காணொளி காட்டினேன். வெளியூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்காகவே 2001-ல் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக இருக்கும் தளத்தின் பாடங்களையும் திறந்து வைத்தேன். நல்ல பாடங்கள். பாடத்தைத் திறந்து வைத்துவிட்டு நான் செய்தித்தாள் படிக்கப் போய்விட்டேன். மூன்றாம் வாரம் அவளும் போய்விட்டாள். அக்கா பள்ளிக்கூடத்து பீரோவுக்கும் என் வீட்டுக்கும் என்ன வித்தியாசம்?

அந்த ஒரு வாரத்தில் அக்கா ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். நாலு வரி, பதிவு, திரும்பக் கேட்பது. "பள்ளி"யைப் "பல்லி" என்று படித்துவிட்டு, திரும்பக் கேட்டபோது, "அத்தை, நான் தினமும் பஸ்ஸில ஏறி பல்லிக்குப் போறேனாம்!" என்று உருண்டு உருண்டு சிரித்தாள். சிரித்தபடியே திருத்திக்கொண்டாள்.

அக்கா ஊருக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை. தினமும் ராத்திரி ஒரு நிமிடக் குரல் பதிவு மயிலாடுதுறைக்குப் போகிறது. காலை ஆறரைக்கு அத்தையின் பதில் குரல் வருகிறது, பின்னணியில் பால்காரர் மணியோடு. ரயில் நிலையத்தில் அக்கா எனக்குப் போட்ட நிபந்தனை ஒன்றுதான். "அவ படிக்கும்போது நீ பக்கத்துல இருக்கணும். பேப்பர் படிச்சுக்கிட்டு இல்ல."

நான் வேலையில் சேர்ந்த புதிதில் அம்மா எழுதிய இன்லேண்ட் கடிதங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. போன வாரம் மகள் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். நீல நிறத் தாள், பேனா மை கொஞ்சம் ஊறியிருந்தது. "நானே படிக்கிறேன், நீ சொல்லாதே" என்றாள். மாடு கன்று போட்டது, கொல்லையில் தண்ணீர் ஏறியது, வேளாவேளைக்குச் சாப்பிடு என்று ஒரு பக்கம். முடிக்க இருபது நிமிடம் ஆனது. இரண்டு இடத்தில் தடுக்கினாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளே திரும்பிப் போய்ச் சரியாகப் படித்தாள்.

படித்து முடித்துவிட்டு, "அப்பாயி எழுத்து உன் எழுத்து மாதிரியே இருக்குப்பா" என்றாள்.

டப்பாவில் இன்னும் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டப்பா இருக்கும். யார் படிக்கப்போகிறார்கள்?